மாணவர்களிடம் போதைப் பழக்கம் பற்றிய கருத்தாய்வு: எல்லாரும் 'தீங்கு' என்றே டிக் அடிக்கிறார்கள், கேள்வித்தாளில் என்ன கோளாறு?

நர்சிங்_பிஜி:
எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வு. 9, 10, 11 வகுப்பு, இரண்டு அரசு மேல்நிலைப் பள்ளிகள். தலைப்பு: போதைப் பழக்கம் பற்றி வளரிளம் பருவத்தினரின் கண்ணோட்டமும் அதைத் தூண்டும் காரணிகளும். முன்னோட்டம் பார்த்ததில், "போதைப்பொருள் உடலுக்குத் தீங்கு" என்ற வரிக்குக் கிட்டத்தட்ட எல்லாரும் "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்" என்று போட்டுவிட்டார்கள். "பயன்படுத்தியதுண்டா?" என்பதற்கு எல்லாரும் இல்லை. பள்ளிக் கழிப்பறைக்குப் பின்னால் கூல் லிப் (உதட்டுக்குள் வைக்கும் புகையிலைப் பொட்டலம்) உறை கிடக்கிறது. எப்படி மாற்றுவது? சாம்பிள் 100 போதும் என்கிறார் கைடு, சரியா?

சமூகமருத்துவம்_எம்டி:
அந்த வரி ஆய்வுக் கேள்வியே இல்லை, பரீட்சைக் கேள்வி. சரியான விடை என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 1975 முதல் ஆண்டுதோறும் நடக்கும் மானிட்டரிங் தி ஃப்யூச்சர் ஆய்வைப் பாருங்கள். தீங்கா இல்லையா என்று கேட்பதில்லை. ஒரே பொருளை எத்தனை முறை எடுத்தால் எவ்வளவு ஆபத்து என்று படிப்படியாகக் கேட்கிறார்கள். நீங்களும் ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று வரி வையுங்கள்: ஒன்றிரண்டு முறை முயன்றால், எப்போதாவது எடுத்தால், தினமும் எடுத்தால். பதில்: ஆபத்தில்லை, கொஞ்சம், ஓரளவு, மிக அதிகம், தெரியாது. வேறுபாடு முதல் வரியில்தான் தெரியும். "தினமும்" என்றால் எல்லாரும் பயப்படுவார்கள். "ஒரு தடவை போட்டுப் பார்த்தா என்ன" என்பவர்கள்தான் உங்களுக்கு வேண்டியவர்கள்.

"போதைப்பொருள்" என்று மொத்தமாகக் கேட்டால் கஞ்சாவை மட்டும் நினைத்துக்கொண்டு இல்லை என்பார்கள். சிகரெட், ஹான்ஸ், கூல் லிப், பீர், பிராந்தி, கஞ்சா, மருந்துக்கடை வலி மாத்திரை, பஞ்சர் சொல்யூஷன், ஒயிட்னர் என்று தனித்தனி வரி வேண்டும். முகர்ந்து பார்க்கும் பொருட்களை விட்டுவிடாதீர்கள். 2019-இல் வெளியான தேசிய ஆய்வில் பெரியவர்களைவிடச் சிறார்களிடம் அதிகம் இருந்தது அது ஒன்றுதான்: 10 முதல் 17 வயதில் 1.17%, பெரியவர்களில் 0.58%.

நம்பிக்கை வரிகளும் சேருங்கள். "டாக்டர் எழுதும் மாத்திரைதானே, ஆபத்தில்லை", "கஞ்சா மூலிகை", "கூல் லிப் புகையில்லாதது, அதனால் கேன்சர் வராது". பாதியைச் சரியான கருத்தாகவும் பாதியைத் தவறான கருத்தாகவும் எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கட்டத்தில் டிக் அடிப்பவர் மாட்டுவார்.

இன்னொன்று. ஐரோப்பிய பள்ளி ஆய்வான எஸ்பாட்-இல் ரெலெவின் என்று இல்லாத ஒரு பொருளின் பெயரைப் பட்டியலில் நுழைப்பார்கள். அதைப் பயன்படுத்தியதாகச் சொல்பவர் மற்றதிலும் பீற்றியிருக்கலாம். நீங்களும் ஒரு பொய்ப்பெயர் வையுங்கள். அதற்கு டிக் அடித்த தாள்களை எடுத்துவிட்டு ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பள்ளி_ஆலோசகர்:
கேள்வியைவிட வகுப்பறையில்தான் பாதி ஆய்வு கெடுகிறது. ஆசிரியர் வெளியே இருக்கட்டும். ரோல் நம்பர் வேண்டாம். "வேறு ஏதாவது இருந்தால் எழுதுக" என்ற கோடும் வேண்டாம், கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயப்படுவார்கள். பெஞ்சுக்கு ஒருவர், இடம் போதாவிட்டால் வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஆளுக்கு ஒரு கவர், அவரவரே ஒட்டி, வாசலில் உள்ள பெட்டியில் போட வேண்டும்.

பலர் கவனிக்காதது: "இல்லை எனில் 15-ஆம் கேள்விக்குச் செல்க" என்று போடாதீர்கள். ஆம் என்றவன் மட்டும் இன்னும் பத்து நிமிடம் எழுதிக்கொண்டிருப்பான், பக்கத்து பெஞ்சு பார்த்துவிடும். அடுத்த முறை கேள்வித்தாள் கொடுத்தால் அவனே எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடுவான். எல்லாரும் எல்லா வரிக்கும் டிக் அடிக்கும்படி "ஒருபோதும் இல்லை" என்ற கட்டம் வையுங்கள். ஒரு பீரியடுக்குள், 35 நிமிடத்தில் முடிய வேண்டும்.

ஜூன் 26-ஐ (போதை ஒழிப்பு நாள்) ஒட்டி உறுதிமொழி, பேரணி நடக்கும் வாரங்களில் போகாதீர்கள். அப்போது கிடைப்பது உறுதிமொழியின் எதிரொலிதான்.

நர்சிங்_பிஜி:
நன்றி சார். காரணிகளுக்கு என்ன கேட்பது? பெற்றோர் ஒப்புதல் எப்படி?

சமூகமருத்துவம்_எம்டி:
முதலில் சாம்பிள். 100 போதாதும்மா. பரவலை (பழக்கம் உள்ளவர் விகிதத்தை) 50% என்றும் பிழையை 5% என்றும் வைத்தால் 384. நீங்கள் தனி ஆளை அல்ல, முழு வகுப்பை எடுக்கிறீர்கள். ஒரே வகுப்பில் இருப்பவர்கள் ஒரே மாதிரி நினைப்பார்கள், அதனால் இரண்டால் பெருக்கி 768. வராதவர், பாதியில் விட்டவர் 10% என்றால் சுமார் 853. அவ்வளவு முடியாது என்றால் பரவலைச் சொல்லாதீர்கள், கண்ணோட்டத்தை மட்டும் விவரியுங்கள். அன்றைக்கு லீவு போட்டவர் எண்ணிக்கையையும் குறித்து வையுங்கள்: அடிக்கடி கட் அடிப்பவரிடம்தான் பழக்கம் கூடுதல், ஆக உங்கள் எண் எப்போதும் குறைவாகவே வரும்.

காரணிகளில் "நண்பர்கள் வற்புறுத்துகிறார்களா?" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது, பெரும்பாலும் யாரும் வற்புறுத்துவதில்லை. "உன் வகுப்பில் 10 பேரில் எத்தனை பேர் கூல் லிப் போடுவதாக நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். அந்த எண்ணையும் மாணவர்கள் தங்களைப் பற்றிச் சொன்ன எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். நினைப்பது பெரும்பாலும் நிஜத்தைவிட அதிகமாக இருக்கும். "எல்லாரும் செய்றாங்க" என்பது அங்கிருந்துதான் வருகிறது. அடுத்து, வாங்குவது எவ்வளவு சுலபம். பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டுச் சட்டம், அந்தக் கடைகளை நீங்களே நடந்து எண்ணிவிடுங்கள். மூன்றாவது வீடு: மாலையில் எங்கே, யாருடன் இருக்கிறாய் என்று பெற்றோருக்குத் தெரியுமா, வீட்டில் யார் குடிக்கிறார்கள். ஐஸ்லாந்து இந்தக் கேள்விகளைத்தான் ஆண்டுதோறும் கேட்டு, பிள்ளைகளின் மாலை நேரத்தை மாற்றியது. முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்த 15, 16 வயதினர் 1998-இல் 42%, 2016-இல் 5%.

ஒருமுறை எடுக்கும் ஆய்வில் எது முதலில் வந்தது என்று தெரியாது. "காரணம்" என்று எழுதாதீர்கள், "தொடர்பு" என்று எழுதுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதுதான்.

பள்ளி_ஆலோசகர்:
ஒப்புதல்: ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி 12 முதல் 18 வயது வரை பிள்ளையின் எழுத்துச் சம்மதமும் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும். சம்மதத் தாளைக் கேள்வித்தாளோடு பின் அடிக்காதீர்கள், பெயர் தெரிந்துவிடும்; தனியாக, முதல் நாளே வாங்குங்கள். கையெழுத்து வராத வீடுகளை விட்டால் முக்கியமானவர்கள் போய்விடுவார்கள், அதனால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை தாள் அனுப்புங்கள்.

பெயரில்லாத தாள் என்பதால் உதவி கேட்டவர் யாரென்று தேட முடியாது. 14446 (போதை மீட்பு), 14416 (மனநலம்), 1098 (குழந்தைகள் உதவி) எண்கள் அச்சிட்ட சீட்டை எல்லாருக்கும் கொடுங்கள். பயன்படுத்தியதாக எத்தனை பேர் டிக் அடித்தார்கள் என்று தலைமையாசிரியர் கேட்டால், வகுப்புவாரியாகச் சொல்லாதீர்கள். 11 'பி'யில் நான்கு பேர் என்றால் மறுநாளே பையைச் சோதனை போடுவார்கள்.