மறு: ரக்பியில் ‘பொசிஷன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்: இடமா, நிலையா, பொறுப்பா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘பொசிஷன்’ என்பதற்கு ‘ஆட்டநிலை’ என்றும், இளம் வீரருக்கு உகந்த பொசிஷனைக் கண்டறிவதற்கு ‘நிலைத்தேர்வு’ என்றும் வைத்துக்கொள்ளலாமே. கிரிக்கெட், கால்பந்து எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

செவிக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாம் தமிழாக்கிக்கொண்டிருப்பது இளையோருக்கான ரக்பிப் பயிற்சிக் கையேடு. அதில் ‘நிலை’ என்ற சொல் ஏற்கெனவே உடல்நிலை, மனநிலை, வளர்ச்சிநிலை என்று பல இடங்களில் வருகிறது. “பதின்மூன்று வயதுச் சிறுவனின் நிலையை அவனது வளர்ச்சிநிலையை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்” என்று எழுதிப் பாருங்கள். பயிற்சியாளர் எதை மனத்தில் பதிக்க வேண்டுமோ அந்த வாக்கியமே குழம்பிவிடுகிறது.

> அப்படியானால் ‘இடம்’ போதுமே. இதைவிட எளிய சொல் உண்டா?

எளியதுதான். ஆனால் பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனில் அது உண்மையைச் சொல்வதில்லை. பதினைந்து பேரும் தத்தம் இடத்தில் நிற்பது ஸ்க்ரம் (இரு அணியின் முன்கள வீரர்களும் பிணைந்து தள்ளுவது), லைன்அவுட் (வெளியே போன பந்தை இரு வரிசைகளுக்கு நடுவே எறிவது), தொடக்க உதை போன்ற சில தருணங்களில்தான். பந்து நகரத் தொடங்கியதும் எல்லாரும் கலைந்துவிடுவார்கள். ஒருவர் தடுத்து வீழ்த்தப்பட்டால், அருகில் இருப்பவர் யாரோ அவரே ஓடிப்போய், தரையில் கிடக்கும் பந்துக்காக நடக்கும் ரக் என்ற தள்ளலில் முட்டித் தள்ள வேண்டும். அவர் களத்தின் ஓரத்தில் ஆடும், 14-ஆம் எண் சட்டை அணிந்த விங்கராக இருக்கலாம். அதே நேரத்தில், ஸ்க்ரத்தின் முன்வரிசை முனையில் நிற்கும் 3-ஆம் எண் பிராப் ஓரக்கோட்டருகே பந்துக்காகக் காத்திருக்கலாம். இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. மாறாமல் இருப்பது, அணி அவரிடம் ஒப்படைத்த வேலை.

‘இடம்’ எங்கே தோற்கிறது என்பதற்கு அயர்லாந்தின் ஆண்ட்ரூ போர்ட்டர் நல்ல சான்று. 20 வயதுக்குட்பட்டோர் அணியில் அவர் 1-ஆம் எண் பிராப். லென்ஸ்டர் அணி அவரை 3-ஆம் எண்ணுக்கு மாற்றியது. 2021-இல் மறுபடி 1-க்கே வந்தார். தரையில் அளந்தால், முன்வரிசையின் நடுவே நிற்கும் 2-ஆம் எண் ஹூக்கரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்த் திரும்பியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் ஸ்க்ரத்தில் 3-ஆம் எண்காரர் தம் தலையை எதிரணியின் 1-க்கும் 2-க்கும் நடுவே நுழைத்து இரண்டு தோள்களாலும் சுமை தாங்க வேண்டும். 1-ஆம் எண்காரருக்கு ஒரு தோள் வெளியே இருக்கிறது. கால் வைக்கும் விதம், முதுகைப் பிடிக்கும் கோணம், கழுத்தில் விழும் பாரம் எல்லாமே வேறு. கையெட்டும் தூரத்து மாற்றத்துக்கு ஒரு வீரர் பல மாதங்கள் உழைக்க வேண்டியிருக்கிறது. அதை ‘இடமாற்றம்’ என்று எழுதினால் அலுவலகப் பணியிட மாற்றம் போல ஒலிக்கும்.

ஆகவே என் பரிந்துரை ‘பொறுப்பு’. முதல்முறை வரும்போது ‘ஆட்டப்பொறுப்பு’, பிறகு ‘பொறுப்பு’. ஓர் அணியில் பதினைந்து பொறுப்புகள். இரண்டு மூன்று பொறுப்புகளை ஏற்கக் கூடியவர் ‘பல்பொறுப்பு வீரர்’. போர்ட்டருக்கு நடந்தது ‘பொறுப்பு மாற்றம்’. ஃபிஜியின் லெவானி போட்டியா பின்களத்தில் சென்டராகவும் முன்களத்தில், ஸ்க்ரத்தின் பக்கவாட்டில் பிணையும் ஃபிளாங்கராகவும் ஆடியவர். அவரைப் ‘பல்பொறுப்பு வீரர்’ என்றால் ஒரே சொல்லில் விளங்கிவிடும்.

இனிக் கையேட்டின் தலையாய சொல். உகந்த பொசிஷனைக் கண்டறிவது. இங்கே ‘தேர்வு’ வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். தேர்வு என்றால் ஒரு நாளில் முடிவது. தேர்ச்சி, தோல்வி என்று பிரிப்பது. சித்த மருத்துவத்தில் ‘நோய்நாடல்’ என்ற சொல் இன்றும் வழங்குகிறது. கூர்ந்து பார்த்து, கேட்டு, திரும்பவும் பார்த்துக் காரணத்தைத் தேடிச் செல்வது அது. அதன் வழியில் ‘பொறுப்பு நாடல்’ என்று வைப்போம். பயிற்சியாளர் செய்ய வேண்டியதும் அதுதான்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், களத்தில் பிள்ளைகளுக்கு நேர்வதுதான். ஆண் பிள்ளைகளுக்கு வளர்ச்சி வேகமெடுப்பது பெரும்பாலும் பதின்மூன்று, பதினான்கு வயதில். ஆனால் ஒருவனுக்கு அது பன்னிரண்டிலும், இன்னொருவனுக்குப் பதினைந்திலும் வரலாம். ஒரே வகுப்பு, ஒரே அணி, ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், மற்றவன் குழந்தை முகத்தோடு நிற்பான். பெரியவனிடம் பந்தைக் கொடுத்து நேரே ஓடு என்கிறார்கள். அணி வெல்கிறது. அவன் பந்து கைமாற்றவும், உதைக்கவும், ஆட்டத்தின் போக்கைப் பார்க்கவும் கற்காமலே மூன்று ஆண்டுகள் போய்விடுகின்றன. பதினேழில் மற்றவர்கள் உயரத்தில் அவனை எட்டிப்பிடிக்கும்போது அவனிடம் மிஞ்சியிருப்பது ஒன்றுமில்லை. சின்னவனோ ஓரத்தில் நிறுத்தப்பட்டு, பந்தே வராமல், ஆட்டத்தைக் கைவிட்டிருப்பான். இரண்டு பேரையும் இழக்கிறோம். ஆக்லாந்தில் சிறுவர் போட்டிகளை வயதோடு எடை வரம்பும் வைத்து நடத்துவது இப்படிப்பட்ட இழப்பைக் குறைப்பதற்குத்தான் உதவுகிறது.

ஜோனா லோமு பள்ளி நாள்களில் முன்கள வீரர். ஃபிளாங்கராகவும் 8-ஆம் எண்ணிலும் ஆடியவர். 1994 ஜூனில், 19 வயது 45 நாள்களில், பிரான்சுக்கு எதிராக நியூசிலாந்து அவரை விங்கராக இறக்கியது. அந்தத் தொடரின் இரண்டு டெஸ்ட்களிலும் நியூசிலாந்து தோற்றது. விங்கரின் தடுப்பாட்டத்தில் அவருக்குப் பழக்கம் போதவில்லை என்பது வெளிப்பட்டது. அதோடு அவரைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டு உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக அதே 11-ஆம் எண் சட்டையில் நான்கு ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பது) வைத்தார். நாடல் என்பது முதல் தோல்வியோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிள்ளையைச் சிறு வயதிலேயே ஒரே பொறுப்பில் கட்டிப்போடுவதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘பொறுப்பு முடக்கம்’ என்று எழுதியிருக்கிறேன்.

(‘ரக்பி’யா ‘றக்பி’யா என்ற கேள்வியை இந்த இழையில் எடுக்க வேண்டாம். இரண்டும் அச்சில் நிலைத்தவை.)

அன்புடன்.

---

மறு: மறு: ரக்பியில் ‘பொசிஷன்’

வணக்கம் ஐயா. கொழும்பிலிருந்து எழுதுகிறேன். இங்கே றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதிவருகின்றன. பாடசாலை றக்பி இங்கு பெரிய ஈடுபாடு என்பதால், நீங்கள் வளர்ச்சி வேகம் பற்றி எழுதியதை முழு மனத்தோடு ஏற்கிறேன்.

‘நாடல்’ அருமை. ஆனால் ‘பொறுப்பு’ இடிக்கிறது. பாடசாலையில் ‘பொறுப்பு அதிபர்’ என்றால் தற்காலிகமாக இருப்பவர் என்ற பொருளும் வருமே. தலைவர், துணைத் தலைவர் பதவியும் பொறுப்புத்தான். அதைவிட, சட்டை எண்ணையே சொன்னால் என்ன? ‘ஏழாம் எண் வீரர்’ என்றால் உலகம் முழுக்க ஒன்றுதானே?

இன்னொன்று. எல்லாரும் எல்லாப் பொறுப்பையும் நாடலாம் என்று பயிற்சியாளர் எடுத்துக்கொண்டால் ஆபத்து. ஸ்க்ரத்தின் முன்வரிசையில் பழக்கமில்லாத பிள்ளையை நிறுத்தினால் கழுத்து என்னாவது?

---

மறு: மறு: மறு: ரக்பியில் ‘பொசிஷன்’

அன்புள்ள அம்மா, வணக்கம்.

கடைசியில் கேட்டதற்கு முதலில் வருகிறேன், அதுவே முக்கியமானது. முன்வரிசை மூவரும் அதற்கெனப் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. அப்படிப்பட்டவர்கள் இல்லையென்றால் இரு அணியும் தள்ளாத ஸ்க்ரம்தான் நடக்கும். 19 வயதுக்குட்பட்டோருக்கு ஸ்க்ரத்தில் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. ஆகவே ‘பொறுப்பு நாடல்’ அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே, முன்வரிசையை நாடுவது பயிற்சிக் களத்தில், படிப்படியாக, ஒருவரோடு ஒருவர் தள்ளிப் பழகிய பிறகே என்று தனிப் பத்தி சேர்க்கிறேன். போட்டி நாளில் ஆள் குறைகிறது என்று கொழுத்த பிள்ளையை இழுத்து நிறுத்துவது நாடல் ஆகாது. அது குற்றம்.

தேர்ந்த வீரர்களுக்கே அந்த வரிசை எவ்வளவு கடினம் என்பதை 2023 உலகக் கோப்பை காட்டியது. ஹூக்கர் மால்கம் மார்க்ஸ் காயமடைந்தபோது தென்னாப்பிரிக்கா வேறொரு ஹூக்கரை அழைக்காமல் 10-ஆம் எண் வீரர் ஹான்ரே போலார்டை அழைத்தது. இறுதி ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களிலேயே போங்கி ம்போனாம்பியும் காயத்தோடு வெளியேற, ஃபிளாங்கராக ஆடிவந்த டியோன் ஃபூரி ஏறக்குறைய முழு ஆட்டமும் ஹூக்கராக நின்றார். முன்பு ஹூக்கராக இருந்தவர் என்பதால்தான் அது இயன்றது. அப்போதும் லைன்அவுட்டில் அணி தடுமாறியது. 12–11 என்று வென்றார்கள்; அந்தப் பன்னிரண்டு புள்ளிகளும் போலார்டின் உதைகளால் வந்தவை. பல்பொறுப்பு வீரரின் அருமையும், அதற்குக் கொடுக்கும் விலையும் ஒரே ஆட்டத்தில் தெரிந்தன. கையேட்டில் இதைப் பெட்டிச் செய்தியாக வைக்கலாம்.

சட்டை எண் உலகம் முழுக்க ஒன்றல்ல. இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் ஸ்க்ரத்தின் திறந்த பக்கத்து (களம் அகன்றிருக்கும் பக்கத்து) ஃபிளாங்கர் 7. தென்னாப்பிரிக்காவில் அவரே 6. பெயர்களும் அப்படித்தான்: மற்றவர்கள் ஃபிளை ஹாஃப் என்னும் 10-ஆம் எண்காரரை நியூசிலாந்துக்காரர்கள் ஃபர்ஸ்ட் ஃபைவ் எய்த் என்பார்கள். பதினைந்து பெயர்களையும் நாம் தமிழாக்கப் புறப்பட்டால் பயிற்சியாளர் விசில் ஊதியபடி அகராதி புரட்ட வேண்டிவரும். பிராப், ஹூக்கர், விங்கர் என்று களத்தில் வழங்கும் சொற்களே இருக்கட்டும். வகைப்பாட்டுச் சொற்களை மட்டும் தமிழில் வைப்போம்.

‘பொறுப்பு’ பற்றிய உங்கள் தடை நியாயமானது. தலைவர் பதவியைக் குறிக்கக் கையேடு முழுக்கத் ‘தலைமை’ என்றே எழுதிவிடுகிறேன், ‘தலைமைப் பொறுப்பு’ எங்கும் வராது. தற்காலிகம் என்ற சாயலோ, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். இன்று நீ இதைப் பார்த்துக்கொள், அடுத்த பருவத்தில் பேசுவோம் என்று சொல்ல முடிகிற சொல்லாக இருக்கட்டும்.

இன்னும் தீராதது ‘பொறுப்பு முடக்கம்’. காயத்தால் முடங்குவதைச் சொல்லும் அத்தியாயம் அடுத்ததாகவே வருகிறது; இரண்டு ‘முடக்கம்’ பக்கத்தில் பக்கத்தில் நின்றால் படிப்பவர் தடுமாறுவாரா என்று குழுவில் உள்ள இயன்முறை மருத்துவ நண்பர்கள் சொல்ல வேண்டும். ‘பொறுப்புத் தளை’ என்ற மாற்றுச் சொல்லையும் கைவசம் வைத்திருக்கிறேன்.

அன்புடன்.