அலுமினியம் ராடுக்கு அமெரிக்கா வரி: நம்மள எப்படி பாதிக்குது?

பேட்டை_லேத்: அண்ணாச்சிமாரே, பேட்டைல சின்ன லேத் பட்டறை வச்சிருக்கேன், 6061ங்கிற அலுமினிய அலாய் (கலப்பு உலோகம்) ராடு வாங்கி புஷ் (மெஷின் தண்டுல மாட்டுற குழாய் மாதிரி வளையம்) கடைஞ்சு கொடுக்கேன், வாங்குற பார்ட்டி அமெரிக்காவுக்கு அனுப்புதாவ. இப்போ வரி கூடிட்டு, ரேட்ட கொறைன்னு ஒத்தக்கால்ல நிக்காவ. அந்த வரிய நாமளா கட்டுதோம்?

தூத்துக்குடி_கார்கோ: இல்லவே, அங்க எறக்குமதி பண்ணுதவன்தான் கட்டணும். அமெரிக்க அரசாங்கம் 2018ல 10 சதவீதம், 2025 மார்ச் 12ல 25, ஜூன் 4ல 50ன்னு ஏத்திட்டு. அதத்தான் எறக்குமதி பண்ணுதவன் பேரம் பேசி நம்ம தலைல கட்டப் பாக்கான், மனசு வலிக்கி.

கங்கைகொண்டான்: முதல்ல எச்.எஸ். கோடு, அதான் வரி போட சரக்க வகை பிரிக்கிற நம்பர், அதப் பாரும். அலாய் ராடு 7604.29, சுருளா இருந்தா அது கம்பி, 7605. கடைஞ்சு முடிச்ச புஷ் ராடே கிடையாது, வேற கோடு, வரிக்கணக்கும் மாறலாம். பில்லுல சும்மா அலுமினியம் ராடுன்னு எழுதாதீரும், அங்கதான் மாட்டுவீரு.

பேட்டை_லேத்: அய்யோ, எம் பில்லுல அப்படித்தான் இருக்கு!

தூத்துக்குடி_கார்கோ: உடனே மாத்தும். ரேட்டயும் மொத்தமா பேசாம ராடு வெலை தனி, கூலி தனின்னு பேசும், ராடு வெலை லண்டன் உலோக மார்க்கெட்டு, டாலர பாத்து ஏறி எறங்கும், கூலிய மட்டும் விட்டுராதீரும்.