டைகர் மாத் 1:72 டைகாஸ்ட்: இறக்கையில் கொப்புளம், ஜிங்க் பெஸ்டா?

மலைக்காப்பி (ஏற்காடு)
மேலே பச்சை-பழுப்பு, அடியில் மஞ்சள் அடித்த பயிற்சி விமான மாடல். உடலும் இறக்கையும் டைகாஸ்ட், அதாவது அச்சில் வார்த்த உலோகம்; இடைக்கம்பங்கள் பிளாஸ்டிக். கீழிறக்கையின் அடியில் அரிசி அளவில் மூணு கொப்புளம், ஓரத்தில் வெள்ளைப் பொடி. ரெண்டு மழைக்காலமா பிளைவுட் அலமாரியில், வாங்கின பெட்டியில் ஃபோமோட இருந்தது. சுரண்டிட்டு மறுபடி பெயின்ட் அடிக்கலாமா? இல்ல, சேலத்துக்கே கொண்டுபோய் வைக்கட்டுமா?

அஸ்தம்பட்டி வெர்னியர்
சுரண்டாதீங்க. முதல்ல எந்த நோய்னு தெரியணும்.

அடிப்பக்கக் கொப்புளம் ஒண்ணை ஊசியால் திறங்க. உள்ளே உலோகம் கெட்டியா, சாம்பல் நிறமா இருந்தா வெறும் மேல் அரிப்பு. ஊசி பட்டதும் உதிர்ந்தாலோ, வலை மாதிரி விரிசல் ஓடினாலோ ஜிங்க் பெஸ்ட். இந்த மாடல்களை வார்க்கிற துத்தநாகக் (ஜிங்க்) கலவையில் ஈயம் கலந்துட்டா உலோகத் துகள்களுக்கு நடுவிலேயே அரிக்கும், உலோகம் உப்பும். ஈரமும் வெப்பமும் அதை வேகப்படுத்தும். இதுக்கு மருந்து கிடையாது. ஆனா பக்கத்து மாடலுக்கு ஒட்டாது. அந்தப் பயம் வேண்டாம்.

சந்தேகமா இருந்தா வெர்னியரில் இறக்கையை ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை அளந்து தேதியோட எழுதி வைங்க. நிஜ விமானத்துக்கு 8.94 மீட்டர், 72-ல் வகுத்தா 124 மி.மீ. வார்ப்பில் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், அதனால உங்க முதல் அளவுதான் கணக்கு. மூணு மாசம் கழிச்சு அதே வெப்பநிலையில் அளக்கணும், நீளம் கூடியிருந்தா உலோகம் உப்புதுன்னு அர்த்தம். 10 டிகிரி கூடினாலே துத்தநாகம் இந்த நீளத்துக்கு 0.03 மி.மீ. நீளும். ஒண்ணு மறந்துடாதீங்க: டைகர் மாத் இறக்கை பிறவியிலேயே பின்னோக்கிச் சாய்ஞ்சது. அதை உப்பி வளைஞ்சதா எடுத்துக்காதீங்க.

செவ்வாய்பேட்டை பிரஷ்
மேல் அரிப்புன்னா முழு பெயின்டையும் எடுக்க வேண்டாம், சேகரிப்பு மதிப்பு போயிடும். பொடியை உலர்ந்த டூத்பிரஷ்ஷால் தட்டுங்க. கொப்புளம் இருந்த இடத்தை மட்டும் 1000 நம்பர் தாளில் தேய்ச்சு, உலோகத்துக்கான எட்ச் பிரைமர், அது காய்ஞ்சதும் வெள்ளை, அப்புறம் மஞ்சள் மெல்லிசா ரெண்டு மூணு கோட். வெள்ளை இல்லாம மஞ்சள் அடிச்சா அடியில் இருக்கற சாம்பல் தெரியும். துடைக்கும்போது இறக்கையில் அச்சடிச்ச வட்டச் சின்னத்து மேல ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பட விடாதீங்க, அச்சு கரைய வாய்ப்பிருக்கு.

அஸ்தம்பட்டி வெர்னியர்
வைக்கிற இடம்தான் இதில் பெரிய விஷயம். பிளைவுட்டும் எம்டிஎஃப்பும் அமில ஆவி விடும், மூடின அலமாரியில் அது துத்தநாகத்தை அரிக்கும். ஃபோமும் வேண்டாம், நாளாவட்டத்தில் பெயின்டில் ஒட்டிக்கும். மூடியுள்ள கண்ணாடி இல்ல அக்ரிலிக் பெட்டியில் வைங்க. 30×25×15 செ.மீ. பெட்டிக்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் தாராளம். ஜெல் மணிகளோட நீலம் ரோஸ் ஆனதும் 120 டிகிரி அவனில் ரெண்டு மணி நேரம் சூடாக்கினா திரும்பவும் வேலை செய்யும். உள்ளே ஈரப்பதம் 40-50 சதவீதம் இருக்கணும். ஈரமானி சரியான்னு பார்க்க, உப்பைக் கொஞ்சம் தண்ணியில் சேறாக் குழைச்சு அதோட மூடின டப்பாவில் எட்டு மணி நேரம் வைங்க; 75 காட்டணும்.

சேலத்து வெயில் நல்லதுன்னு நினைச்சு கீழே இறக்காதீங்க. பெஸ்ட் இருந்தா வெப்பத்தில் இன்னும் வேகமாப் போகும். எப்பவாவது கொண்டுவந்தாலும் பெட்டியை மூணு நாலு மணி நேரம் திறக்காம வைங்க. மலைக்குளிரில் இருந்த உலோகத்தில் இங்கத்த காத்து பட்டா பனித்துளி மாதிரி நீர் கோத்துக்கும்.

மலைக்காப்பி (ஏற்காடு)
ஊசி போட்டுப் பார்த்தாச்சு. மூணு இடத்திலும் கெட்டியா, சாம்பலா இருக்கு. நீளம் 123.8.