14700கே புரொசசருக்குக் காற்றுக் குளிரூட்டியா, திரவக் குளிரூட்டியா?

கேள்வி (கோண்டாவில்):
வணக்கம். காணொளித் தொகுப்புக்காக இன்ரெல் கோர் ஐ7 14700கே புரொசசருடன் கணினி பொருத்தவுள்ளேன். அறையில் ஏசி இல்லை. நொக்டுவா என்எச்-டி15 காற்றுக் குளிரூட்டி போதுமா, 360 மில்லிமீற்றர் திரவக் குளிரூட்டிதான் வேண்டுமா?

மறுமொழி (சுன்னாகம்):
தம்பி, இரண்டுமே இறுதியில் வெப்பத்தை அறைக் காற்றிடமே ஒப்படைக்கின்றன. ஆகவே சித்திரை வெயிலில் அறை 33 பாகையாக இருக்கும்போது எந்தக் குளிரூட்டியாலும் புரொசசரை அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. அந்தப் புரொசசர் உச்சத்தில் 253 வற் வரை இழுக்கும் என்பதால், நீண்ட ரெண்டரிங் வேலையில் (தொகுத்த காணொளியை இறுதிக் கோப்பாக்குவதில்) திரவக் குளிரூட்டியின் அகன்ற றேடியேற்றரின் (வெப்பத்தை வெளிவிடும் தகட்டுத் தொகுதியின்) கையே ஓங்கும். ஆனாலும் பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) மின் வரம்பை 180 வற் அளவுக்குக் குறைத்துவிட்டு டி15 ஐயே பூட்டுங்கள். வேகத்தில் பெரிய இழப்பு இராது. விசிறி பழுதானால் புதியதொன்றை மாட்டலாம், திரவக் குளிரூட்டியின் பம்ப் பழுதானால் பெரும்பாலும் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும்.

மறுமொழி (நல்லூர்):
அண்ணா சொன்னதே சரி. வாங்குமுன் பெட்டியை அளந்து பாருங்கள். டி15 இன் உயரம் 165 மில்லிமீற்றர், றாம் (நினைவகம்) உயரமானதென்றால் முன்விசிறியை இன்னும் மேலே தூக்க நேரிடும். திரவக் குளிரூட்டியை எடுத்தால், காற்றுக்குமிழி பம்பில் தங்காதபடி றேடியேற்றரின் மேல்முனை பம்பிலும் உயரமாக இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. என் பெட்டி 160 மில்லிமீற்றர் வரையே இடங்கொடுக்கிறது.

மறுமொழி (சுன்னாகம்):
அப்படியானால் 158 மில்லிமீற்றர் உயரமுள்ள நொக்டுவா யூ12ஏ காற்றுக் குளிரூட்டி பொருந்தும் தம்பி; மின் வரம்பை மட்டும் இன்னும் சற்று இறக்கி வையுங்கள்.