தீயால் இரும்பு வெட்டும் வேலைக்கு கேஸ் கணக்கு: உங்களுக்கு எங்கே உதைத்தது?

பிறை பட்டறை
பழைய தண்ணீர்த் தொட்டி, 12 மில்லி தகடு. தவுக்கே, அதாவது முதலாளி, வெட்டு நீளத்தை அளந்தார், எந்த நாசிலுக்கு எவ்வளவு கேஸ் என்று சொல்லும் அட்டவணையைப் பார்த்துப் பெருக்கினார், அந்தக் கணக்குக்குச் சரியாக ஆக்சிஜன் ஏற்றி அனுப்பினார். தொட்டி பாதி அறுந்து கிரேன் சங்கிலியில் தொங்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது. கிரேன் வாடகை ஓடுகிறது, கீழே யாரும் நடக்க முடியாது. உள்பக்கம் முழுக்கத் துருப் பொருக்கு. சூடேற்றினால் படபடவென்று முகத்தில் தெறிக்கும், வெட்டு நடுவில் நின்றுபோகும், மறுபடி முதலிலிருந்து சூடேற்ற வேண்டும். அட்டவணை போட்டவர் சுத்தமான தகட்டை வைத்துப் போட்டது. அந்தத் தொட்டி ஆடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

செந்தூல் வெல்டர்
எனக்கு உதைத்தது அசிட்டிலின், ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிற கேஸ். வெயிலில் நின்ற தோம்பு (சிலிண்டர்), அழுத்தம் காட்டும் கேஜ் முள் நல்ல உயரத்தில். "இன்னும் பாதி இருக்கு, புதுசு கேட்காதே" என்றார் சூப்பர்வைசர். கொஞ்ச நேரத்தில் தீ துவண்டது. பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் தூக்கி வைத்தோம். கழுத்தில் அடித்திருந்த வெற்று எடையைக் கழித்தால் ஒரு கிலோகூட இல்லை. அவர் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார். தோம்புக்குள் அசிட்டோன் என்ற திரவத்தில் கரைந்திருக்கிற வாயு அது, சூடு ஏறினால் முள்ளும் ஏறும். எடை போடாமல் அதில் என்ன மிச்சம் என்று சொல்லவே முடியாது.

புக்கிட் மெர்தாஜாம்காரன்
பிறை அண்ணே, துருவை மட்டும் குறை சொல்லாதீர்கள். ஒரு வெட்டு முடிந்து அடுத்ததற்கு ஏணி மாற்றும்போது தீயை அணைத்தீர்களா? பெரும்பாலும் யாரும் அணைப்பதில்லை. அதுவும் கேஸ்தான். ஆக்சிஜன் கணக்கு எளிது: 47 லிட்டர் தோம்பில் 150 பார் இருந்தால் ஏறக்குறைய 7000 லிட்டர், முள் பாதிக்கு வந்தால் வாயுவும் பாதி. வெல்டிங்கிற்கு, தகட்டின் ஒவ்வொரு மில்லி கனத்துக்கும் மணிக்கு 100 லிட்டர் அசிட்டிலின் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மில்லி என்றால் 300, ஆக்சிஜனும் கிட்டத்தட்ட அதே அளவு. வெட்டும்போது கதை வேறு, வெட்டும் ஆக்சிஜன் தனியாகப் போகிறது, அதனால் கறுப்புத் தோம்புதான், அதாவது ஆக்சிஜன்தான், முதலில் காலியாகும். அசிட்டிலினில் இன்னொன்று: மணிக்குத் தோம்பின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழுக்கக்கூடாது, தொடர்ந்து எரித்தால் இன்னும் குறைவு. 6 கிலோ தோம்பு சுமார் 5400 லிட்டர், ஆகவே மணிக்கு 540. பெரிய சூடேற்றும் நாசில் அதைத் தாண்டிவிடும். எங்கள் பட்டறையில் ஒரே தோம்பில் போட்டு இழுத்து, அசிட்டோன் ஹோஸ் வரை வந்துவிட்டது. இரண்டு மூன்று தோம்புகளைச் சேர்த்து மாட்டுங்கள்.

பிறை பட்டறை
தம்பி, ஏணி மாற்றும் ஒவ்வொரு தடவையும் அணைத்தோம். பொருக்கையும் சுத்தியலால் தட்டினோம். உள்ளே ஆள் ஏறி நிற்க இடமில்லாத பக்கம்தான் கேஸைத் தின்றது. இப்போதெல்லாம் விலை சொல்லும் முன் அந்தத் தகட்டிலேயே ஒரு மீட்டர் வெட்டிப் பார்க்கிறேன். கேஜ் 10 பார் இறங்கினால் 470 லிட்டர் போயிற்று. அதை மொத்த நீளத்தால் பெருக்கி, அதற்கு மேலும் ஒரு தோம்பு. தவுக்கே அந்தக் கூடுதல் தோம்பின் வாடகைப் பணத்துக்கு இன்னும் முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும்.