பெருந்தமனி ‘வீக்கம்’ என்று எழுத வேண்டாமே

ஐயா, வணக்கம். இதயத்திலிருந்து உடலெங்கும் இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனி (அயோர்ட்டா) அகன்றுபோவது பற்றிய சொற்களுக்கு நீங்கள் தந்த தமிழ்ப் பெயர்களைப் பற்றி எழுதுகிறேன். உங்கள் கேள்விகளை மேலே வைத்துப் பதில் சொல்கிறேன்.

> அயோர்ட்டிக் டைலட்டேஷனுக்குப் ‘பெருந்தமனி வீக்கம்’ என்றாலே எல்லாருக்கும் புரிகிறதே. புதுச்சொல் எதற்கு?

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. என் அப்பாவுக்கு எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்ட் சோதனை) பெருந்தமனி இதயத்திலிருந்து மேலேறும் பகுதியின் அகலம் 4.3 செ.மீ. என்று வந்தது. நாங்கள் கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். டாக்டர் மலையாளத்தில் சொன்னதும் வீக்கம்தான், நாங்கள் தமிழில் எடுத்துக்கொண்டதும் வீக்கம்தான். “வீக்கந்தானே, மாத்திரை தின்னா வத்தீரும்” என்று அப்பா அடுத்த எக்கோவுக்கு வரவே மறுத்துவிட்டார். வலி ஒன்றும் இல்லாததால் நாங்களும் வற்புறுத்தவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் 4.6.

கால் வீங்கும், ஈறு வீங்கும், அப்புறம் வடியும். இது அப்படி இல்லை. தமனிச் சுவரிலுள்ள மீள்நார்கள் நைந்து குழாய் அகன்றுவிடுகிறது, அகன்றது தானாகச் சுருங்காது. இரத்த அழுத்த மாத்திரை கொடுப்பது சுவர்மேல் விழும் பாரத்தைக் குறைக்கத்தான்.

சித்தூர்ப்புழைப் பாசன வாய்க்காலில் கரை அரித்துப்போனால் எங்கள் பக்கம் “வாய்க்கா அகண்டு போச்சு” என்பார்கள். அப்பாவிடம் அந்தப் பேச்சிலேயே சொன்னேன். “அப்பக் கரை ஒடையறதுக்குள்ள பாக்கோணுமே” என்று அவரே கிளம்பிவிட்டார். அதே வேரிலிருந்து வந்த ‘அகற்சி’ நம் அகராதியில் இருக்கும் சொல்தான். ஆகவே, ‘பெருந்தமனி அகற்சி’. அகற்சி என்றதும் “எத்தனை செ.மீ.?” என்ற கேள்வி தானாக வருகிறது பாருங்கள், இந்த நோயில் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

(பெருந்தமனியைப் ‘பெருநாடி’ என்பது எனக்கு ஒப்பவில்லை. நாடி என்றால் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பது என்றே நம் மக்கள் நினைக்கிறார்கள்.)

> அன்யூரிசமும் அகற்சிதானா?

இல்லை. இயல்பு அளவைப்போல் ஒன்றரை மடங்கானால்தான் அன்யூரிசம். வயிற்றுப் பகுதியில் இயல்பு ஏறக்குறைய 2 செ.மீ., 3 ஆனாலே அந்தப் பெயர். அதற்குத் ‘தமனிப்புடைப்பு’ சரி.

அகற்சி வளர்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பதைக் ‘கண்காணிப்பு’ என்றதும் ஐ.சி.யூ. நினைவு வந்து வீடே கலங்குகிறது. இங்கே நடப்பது 6 மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை, தமனியின் அதே இடத்தில், முடிந்தவரை அதே கருவிமுறையில் அளப்பது. எக்கோவும் சி.டி.யும் சில மி.மீ. வேறுபடலாம், முறை மாறினால் வளர்ந்ததா இல்லையா என்றே தெரியாது. ஆகவே ‘தொடரளவை’ என்கிறேன். 5.5 செ.மீ. நெருங்கினால் பொதுவாக அறுவை பற்றிப் பேசுவார்கள், மார்ஃபான் போன்ற மரபுக் கோளாறு இருந்தால் இன்னும் முன்னாலேயே.

டிசெக்‌ஷனுக்கு நீங்கள் தந்த ‘பிளவு’ மட்டும் எனக்கு உறுத்துகிறது. உள்சுவர் கிழிந்து, அந்த வழியே இரத்தம் பாய்ந்து சுவரின் அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போவது அது. திடீரென்று நெஞ்சையோ முதுகையோ கிழிப்பதுபோல் வலிக்கும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ‘அடுக்குக்கிழிவு’ எனலாமா? வலியும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் ஐயா.