புதுப்பிப்பு: பாலிமர் தார் போட்ட வளைவு

லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையில், தார் தெளித்து ஜல்லி பரப்பிய மேற்பரப்பில் சக்கரத் தடத்தில் தார் கசிகிறது, வளைவில் ஜல்லி பெயர்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அந்த இடத்தில் எஸ்பிஎஸ் என்ற, ரப்பர் போல இழுபடும் பாலிமர் கலந்த தார் போட்டு ஒரு கோடை தாண்டிவிட்டது. தார் கசிந்து தடம் மினுங்கவில்லை. வளைவில் குனிந்து விரலால் நெம்பிப் பார்த்தேன், ஜல்லி அசையவில்லை.

ஆனால் இந்தத் தார் சாதாரணத் தாரைவிடக் கெட்டி. தெளித்ததும் ஆறி இறுகிவிடும், அப்புறம் ஜல்லியை நனைக்காது. அதனால்தான் தூசி போக முன்கூட்டியே மெல்லிய தார்ப் பூச்சு கொடுத்த ஜல்லியைத் தெளிப்பான் வண்டிக்குப் பின்னாலேயே கொட்டி, உடனே டயர் ரோலரை ஓட்டினோம். ஓரிடத்தில் ஜல்லி வண்டி தாமதமானது. பெயர்ந்தது அந்தத் துண்டு மட்டும்தான்! குளிர்நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.